காணிக்கையும் கணக்கும்: சபைக்கு வரிவிலக்கு எப்படிக் கிடைக்கிறது?

(திருப்பூரில் நடைபெற்ற நன்கொடையாளர் கூடுகையில் நம் மருத்துவமனையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. வர இயலாத பங்காளர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் வாங்கி, அதில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைத்து, ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பையில் போடுகிறவர்கள் உங்களில் பலர் உண்டு. கம்பெனி நடத்துகிறவர்களும் உண்டு. ஜாப் ஒர்க் எடுத்துச் செய்து, கிடைக்கிற லாபத்தில் ஏழை நோயாளிகளுக்கென்று அனுப்புகிறவர்களும் உண்டு. உங்கள் எல்லோரிடமிருந்தும் எங்களுக்கு அடிக்கடி வருகிற கேள்வி இது: “சபைக்கும் தர்ம ஆஸ்பத்திரிக்கும் வரி கிடையாதே. அப்புறம் எதற்குப் பதிவு? எதற்கு எங்கள் பெயர், விலாசம், பான் நம்பர் எல்லாம் கேட்கிறீர்கள்?” சிறு சபைகளின் போதகர்கள் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: “எங்கள் சபைக்கு அரசு அங்கீகாரம் வாங்க வேண்டுமா?”

இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே பதில் சொல்ல விரும்புகிறோம். சபை சபையாக இருப்பதற்கு எந்த அரசின் அங்கீகாரமும் தேவையில்லை. ஆனால் அந்தச் சபையின் கையில் இருக்கிற பணம் வருமான வரியிலிருந்து விலக்குப் பெற வேண்டுமானால், நம் நாட்டில் பதிவு தேவை. இந்தப் பதிவு விசுவாசத்துக்குக் குத்துகிற முத்திரை அல்ல, கணக்குக் காட்டுவோம் என்று நாம் கொடுக்கிற வாக்கு. இந்த வேறுபாடு விளங்காததால் பணத்தை இழக்கிறவர்கள் உண்டு. அந்தப் பணம் போதகருடையதும் அல்ல, எங்களுடையதும் அல்ல. நீங்கள் கர்த்தருக்கென்றும் ஏழைகளுக்கென்றும் கொடுத்த பணம்.

நம் அரசியல் சாசனத்தின் 25, 26-ஆம் பிரிவுகள் மதத்தைப் பின்பற்றவும், மத நிறுவனங்களை ஏற்படுத்தி நடத்தவும், சொத்து வைத்துக்கொள்ளவும் உரிமை தருகின்றன. இவை அங்கீகரிக்கப்பட்ட சபைகள், இவை அங்கீகரிக்கப்படாதவை என்று மத்திய அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்றே விதிக்கப்படும் வரியைக் கட்டும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 27-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் மத நிறுவனத்தின் வருமானத்துக்கு வரி கிடையாது என்று அரசியல் சாசனத்தில் எங்கும் இல்லை. வரிவிலக்கு என்பது பாராளுமன்றம் சட்டத்தின் மூலம் நிபந்தனையோடு தருகிற சலுகை. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் குருத்வாராவுக்கும் தேவாலயத்துக்கும் அந்த நிபந்தனை ஒன்றுதான்.

இதில் குழப்பம் வருவதற்கு ஒரு காரணம், வெளிநாட்டுச் செய்திகளை நாம் நம் நாட்டுக்கும் பொருத்திப் பார்ப்பது. அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, மற்ற தர்ம ஸ்தாபனங்கள் விண்ணப்பம் போட்டு வரிவிலக்குப் பெற வேண்டும். சபைகளுக்கு மட்டும் அது கட்டாயமில்லை. நிபந்தனைகளுக்கு உட்பட்டு நடந்தால் விண்ணப்பமின்றியே விலக்கு உண்டு. வருடாந்தர அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. அங்கிருந்து வருகிற ஊழியர் ஒருவர் “சபைக்குப் பதிவே வேண்டாம்” என்று சொன்னால், அது அவர் நாட்டுக்குச் சரி. இங்கே சட்டம் வேறு.

இங்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்தபோது, தர்ம காரியத்துக்கோ மதக் காரியத்துக்கோ அமைந்த டிரஸ்ட்டின் வருமானத்துக்கு விலக்கு உண்டு என்று மட்டுமே இருந்தது. பதிவு கேட்கப்படவில்லை. 1972-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ‘12ஏ’ என்ற பிரிவைச் சேர்த்து, 1973 ஏப்ரல் 1 முதல் பதிவை நிபந்தனையாக்கியது. 1997 முதல் ‘12ஏஏ’ வந்தது. கமிஷனர் ஆவணங்களைப் பார்த்து, நோக்கமும் செயலும் உண்மைதானா என்று விசாரித்துப் பதிவு தரும் முறை அது. 2020-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதையும் மாற்றியது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘12ஏபி’ பிரிவின்படி, பழைய பதிவு வைத்திருந்தவர்களும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதுவரை ஒருமுறை வாங்கினால் என்றைக்கும் இருந்த பதிவு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதாயிற்று. பிறகு 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சிறிய ஸ்தாபனங்களுக்கு மட்டும், அதாவது விலக்குக்கு முந்திய வருமானம் கடந்த இரண்டு ஆண்டுகளிலும் 5 கோடி ரூபாயைத் தாண்டாதவற்றுக்கு, அந்தக் காலத்தைப் பத்தாண்டாக நீட்டியது.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தை, 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் கொண்டு பாராளுமன்றம் இயற்றியது. அதில் பிரிவு எண்கள் மாறுகின்றன. நாம் பழகிய ‘80ஜி’ அங்கே 133-ஆம் பிரிவு. ஆனாலும் பதிவு வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை. இன்று உங்களுக்குப் பழக்கமான எண்களையே சொல்லுகிறோம்.

இனி, எந்தக் காகிதம் எதற்கு என்று பார்ப்போம். நம் பகுதியில் பல சபைகளின் பெயர்ப்பலகையில் “அரசு பதிவு பெற்றது” என்று ஓர் எண் எழுதியிருக்கும். பெரும்பாலும் அது 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பெற்ற எண்ணாக இருக்கும். அல்லது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த டிரஸ்ட் பத்திரத்தின் எண்ணாக இருக்கும். இவை சபைக்குச் சட்டப்படி ஓர் உருவம் தருகின்றன, வரிவிலக்குத் தருவதில்லை. பான் கார்டு ஓர் அடையாள எண் மட்டுமே. போதகருக்குத் திருமணம் நடத்தி வைக்கும் லைசென்ஸ் இருந்தால், அது 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி கிடைத்தது. அதற்கும் வரிக்கும் சம்பந்தமில்லை. கட்டட அனுமதியும் அப்படியே. வருமான வரியிலிருந்து விலக்குத் தருவது வருமான வரித் துறையில் பெறுகிற பதிவு ஒன்றே.

அப்படியானால் மாடியில் தகரக் கூரை போட்டு இருபது குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற சபை என்ன செய்வது? பயப்பட வேண்டாம். வரி தொடங்குகிற வரம்பை மொத்த வருமானம் தாண்டாதவரை வரிச்சுமை வராது. ஆனால் கட்டட நிதி என்று ஒரே ஆண்டில் பெரிய தொகை திரட்டும்போதுதான் சிக்கல் வரும். நிதி திரட்டத் தொடங்கும் முன்பே ஒரு ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது. சி.எஸ்.ஐ. போன்ற திருச்சபைகளில் சொத்துகள் திருச்சபையின் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கின்றன. அங்கே உள்ள சபையார் தாங்களாகத் தனிப்பதிவு தேடாமல் முதலில் திருமண்டல அலுவலகத்தைக் கேட்க வேண்டும்.

பதிவு பெற்றவர்களின் கடமை என்ன? ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தையாவது நோக்கத்துக்கென்று செலவிட வேண்டும். பெரிய வேலைக்கென்று சேமித்து வைக்க விரும்பினால், காரணத்தைத் துறைக்கு எழுதிக் கொடுத்து ஐந்தாண்டு வரை வைத்திருக்கலாம். கணக்குப் புத்தகம் வேண்டும். வருமானம் வரம்பைத் தாண்டினால் ஆடிட் வேண்டும், ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். டிரஸ்டிகளோ அவர்கள் குடும்பத்தாரோ ஸ்தாபனத்தின் பணத்தால் லாபம் அடையக் கூடாது. 1962 ஏப்ரல் 1-க்குப் பிறகு தொடங்கிய தர்ம ஸ்தாபனம் ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்கோ சாதியாருக்கோ மட்டும் என்று அமைந்தால் அதற்கு விலக்கு இல்லை. ஆகவே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் கதவு எல்லாருக்கும் திறந்திருப்பது ஊழியத்தின் ஒழுங்கு மட்டுமல்ல, சட்டத்தின் எதிர்பார்ப்பும் கூட.

அன்பானவர்களே, அண்மைக் காலத்தில் நாம் காண்கிற ஒரு பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கியூஆர் அட்டை ஒட்டியிருக்கும். ஸ்கேன் செய்தால் போதகரின் சொந்தப் பெயர் வரும். அவர் உத்தமராகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் சேருகிற பணம் சபைப் பணமா, அவருடைய வருமானமா என்று நாளைக்கு ஓர் அதிகாரி கேட்டால், நிரூபிக்க வேண்டியவர் அவரே. 1958-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பி. கிருஷ்ண மேனன் என்பவரின் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. அவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் வேதாந்தம் போதித்து வந்தவர். அதற்குக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் சீடர் ஒருவர் அன்பாகக் கொடுத்த பெருந்தொகை, அவர் செய்த போதனையால் வந்ததே என்று கொண்டு, அதை வருமானமாக எண்ணி வரி விதித்தது சரி என்றது நீதிமன்றம். கேட்காமல் கிடைத்தது என்பதால் மட்டும் ஒரு தொகை வரிக்குத் தப்பாது. சபைப் பணம் சபையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். அதில் இருவராவது கையெழுத்திட வேண்டும். உங்கள் போதகரை நீங்கள் நேசித்தால் இதை அவருக்குச் செய்யுங்கள்.

தனி ஆளின் வருமானமும் ஸ்தாபனத்தின் வருமானமும் வேறு வேறு என்பதை நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றும் காட்டுகிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியராக வேலை செய்யும் கத்தோலிக்கக் குருக்களும் கன்னியாஸ்திரீகளும் வறுமை விரதம் பூண்டவர்கள். சம்பளம் முழுவதையும் தங்கள் சபைக்கே ஒப்புவித்துவிடுவார்கள். பழைய சுற்றறிக்கைகளை ஆதாரமாகக் கொண்டு பல ஆண்டுகள் அவர்கள் சம்பளத்தில் வரி பிடிக்கப்படவில்லை. பிறகு பிடிக்கும்படி துறை சொன்னபோது வழக்கு எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2019 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. சம்பளம் அந்த ஆளின் கைக்கே வருகிறது, பிறகு அதை யாருக்குக் கொடுத்தாலும் அது வருமானத்தைச் செலவிடும் விதமே என்பது அதன் கருத்து. 2024 நவம்பர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளிவிட்டது. ஆண்டவருக்கென்று ஒப்புக்கொடுத்த வாழ்க்கையை நாம் கனப்படுத்துகிறோம். ஆனால் வருமான வரிச் சட்டம் அந்த ஒப்புக்கொடுத்தலை அளப்பதில்லை. பணம் யாருடைய பெயரில், எதற்காக வந்தது என்பதையே பார்க்கிறது.

வருமான வரி மட்டுமே வரி அல்லவே என்று கேட்பீர்கள். உண்மைதான். திருப்பூர் 1917-இல் நகராட்சியானது, 2008-இல் மாநகராட்சியானது. நம் ஊர்களின் நகராட்சிச் சட்டம் 1920 முதலே பொது வழிபாட்டுக்கென்று ஒதுக்கி, அதற்கே பயன்படுத்தும் இடத்துக்குச் சொத்து வரி விலக்கு அளித்தது. தர்ம ஆஸ்பத்திரிக்கும் விலக்கு உண்டு, ஆனால் அதோடு சேர்ந்த குடியிருப்புகளுக்கு இல்லை. இங்கே கட்டடத்தின் பயன்பாடுதான் பார்க்கப்படுகிறது. ஆராதனை நடக்கும் கட்டடத்துக்குக் கிடைக்கிற விலக்கு, அதன் முன்புறம் வாடகைக்கு விட்ட கடைக்குக் கிடைக்காது.

2017 ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி.யிலோ பதிவு மறுபடி முக்கியமாகிறது. ஆலய வளாகத்து மண்டபத்தை ஒரு நாளைக்கு 10,000 ரூபாய்க்குக் குறைந்த வாடகைக்கு விட்டால் வரி இல்லை. கடைக்கு மாதம் 10,000 ரூபாய், அறைக்கு நாளுக்கு 1,000 ரூபாய் என்று வரம்பு. இந்தச் சலுகை, வருமான வரிச் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஸ்தாபனம் நடத்தும் வளாகத்துக்கே கிடைக்கும்.

இப்போது கொடுக்கிறவர்களாகிய உங்கள் பக்கத்துக்கு வருவோம். ஸ்தாபனத்தின் வரிவிலக்கு ஒன்று, கொடுக்கிறவருக்கு வரிக்கழிவு இன்னொன்று. பின்னதற்கு 80ஜி அங்கீகாரம் தனியாக வேண்டும். முழுக்க மத நோக்கமுள்ள ஸ்தாபனத்துக்கு அது கிடையாது. மத்திய அரசு வரலாற்று, தொல்பொருள் அல்லது கலைச் சிறப்புடையது என்றோ, மாநிலம் முழுவதும் புகழ்பெற்ற வழிபாட்டுத் தலம் என்றோ அறிவித்த கோயில், மசூதி, குருத்வாரா, தேவாலயம் முதலியவற்றைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் பணத்துக்கு மட்டுமே கழிவு உண்டு. அரசு பெயர் சொல்லி அங்கீகரிப்பது உண்மையிலேயே தேவைப்படுகிற இடம் இதுதான். ஆகவே உங்கள் தசமபாகத்துக்கு சபையில் 80ஜி ரசீது கேட்டு வருத்தப்பட வேண்டாம். ஏழை நோயாளிகளுக்கென்று 80ஜி அங்கீகாரமுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தால், பொதுவாகக் கொடுத்ததில் பாதிக்குக் கழிவு உண்டு, அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. 10,000 ரூபாய் கொடுத்தால் 5,000 ரூபாய் உங்கள் வருமானத்தில் கழியும். 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு 1,500 ரூபாய் மிச்சம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரி முறையைப் பின்பற்றுகிற தனிநபர்களுக்கும் இந்தக் கழிவு இல்லை. ஆகவே வரி மிச்சத்துக்காக மட்டும் கொடுங்கள் என்று நாங்கள் உங்களிடம் கேட்க மாட்டோம்.

அப்படியானால் ஏன் பெயரும் விலாசமும்? அநாமதேய நன்கொடை, அதாவது கொடுத்தவர் பெயரும் விலாசமும் பதியப்படாத நன்கொடை, 2006-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்திலிருந்து 30 சதவீத வரிக்கு உட்பட்டது. முழுக்க மத நோக்கமுள்ள டிரஸ்ட்டுக்கு இது பொருந்தாது. காணிக்கைப் பையில் போடுகிறவர் பெயர் எழுதுவதில்லை என்பதைச் சட்டமும் அறிந்திருக்கிறது. மதமும் தர்மமும் சேர்ந்த டிரஸ்ட்டுக்கும் விலக்கு உண்டு. ஆனால் ஆஸ்பத்திரிக்கு என்றோ கல்விக்கூடத்துக்கு என்றோ குறிப்பிட்டுக் கொடுத்த அநாமதேயப் பணத்துக்கு அந்த விலக்கு இல்லை. 2025 பிப்ரவரியில் வந்த புதிய மசோதாவில் இந்தச் சேர்ந்த டிரஸ்ட்டுகளுக்கான விலக்கு விடுபட்டிருந்தது. தெரிவுக்குழு எடுத்துச் சொன்னபின் ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தில் மறுபடி இடம்பெற்றது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆஸ்பத்திரிக்கு ஆண்டில் 20 லட்ச ரூபாய் நன்கொடை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 3 லட்சம் பெயர் தெரியாமல் உண்டியலில் விழுந்தது. மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம், இரண்டில் எது அதிகமோ அதுவரை இந்த வரி இல்லை. இங்கே இரண்டும் ஒரு லட்சமே. மீதி இரண்டு லட்சத்துக்கு 60,000 ரூபாய் வரி. வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற நல்ல மனதோடு உண்டியலில் போட்டவர், அந்த 60,000 ரூபாய் ஏழையின் மருந்துச் சீட்டுக்குப் போகும் என்றுதானே நினைத்தார்? உங்கள் பெயர் எங்கள் ரசீதுப் புத்தகத்திலும், துறைக்குத் தரும் பட்டியலிலும் இருக்கும். ஆனால் கல்வெட்டில் பொறிக்க வேண்டாம், பத்திரிகையில் போட வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், அப்படியே அடக்கமாக வைப்போம். மனிதர் புகழுக்குத் தப்புவதும் கணக்குக்குப் பெயர் தருவதும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல.

ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வெளிநாட்டு பையர் மனமிரங்கி நம் ஊர் சபைக்கோ ஆஸ்பத்திரிக்கோ பணம் அனுப்ப விரும்பினால், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. அதற்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்துறை அமைச்சகத்தில் தனிப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் புது தில்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கே வர வேண்டும். வெளிநாட்டில் வேலை செய்தாலும் இந்தியக் குடிமகனாகவே இருக்கும் உங்கள் பிள்ளை தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறைப்படி வங்கி மூலம் அனுப்புவது இதில் சேராது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் சேரும். வருமான வரிப் பதிவு இருக்கிறதே என்று இதை மறந்துவிடக் கூடாது.

கடைசியாக, பதிவைக் காப்பது. 2016-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஒரு கடுமையான விதியைக் கொண்டுவந்தது. தர்ம ஸ்தாபனம் பதிவை இழந்தால், அதன் சொத்துகளின் சந்தை மதிப்பிலிருந்து கடன்களைக் கழித்து, மீதிக்கு உச்ச விகிதத்தில் வரி விதிக்கலாம். 2023-இல் உரிய காலத்தில் புதுப்பிக்க விண்ணப்பிக்காதவர்களையும் இந்த விதிக்குள் கொண்டுவந்தார்கள். 2024 அக்டோபர் முதல், தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கமிஷனருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மன்னிப்பை நம்பி இருப்பது உக்கிராணக்காரனுக்கு அழகல்ல. முன்னோர் ஏக்கருக்குச் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய நிலத்தின் இன்றைய மதிப்பை யோசித்துப் பாருங்கள். ஒரு தேதி தவறினால் அந்த மதிப்புக்கு வரி கட்ட எந்தச் சபையிடம் பணம் இருக்கிறது? உங்கள் சபைக் கமிட்டிக் கூட்டத்தில் பொருளாளரிடம் கேளுங்கள்: நம் பதிவு எந்தத் தேதியில் முடிகிறது, விண்ணப்பம் போட்டாயிற்றா?

அன்பானவர்களே, எருசலேமின் ஏழைகளுக்கென்று சபைகளில் திரட்டிய பணத்தை அப்போஸ்தலனாகிய பவுல் தனியாகக் கொண்டுபோக விரும்பவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த மனிதர்களைத் தம்மோடு கூட்டிக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷர் பார்வையிலும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்பதே அவர் கவலை. அந்தக் காலத்தில் ஆடிட்டர் இல்லை, கமிஷனர் இல்லை. ஆனாலும் பிறர் கொடுத்த பணத்துக்குச் சாட்சிகள் வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார். இன்று சட்டம் நம்மிடம் கேட்பதும் ஏறக்குறைய அதுவே.

எனவே உங்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது மூன்று. எங்களுக்குக் கொடுக்கும்போது பெயரும் விலாசமும் தந்து ரசீது வாங்குங்கள். உங்கள் சபையின் பணம் சபையின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஆண்டுக் கணக்கையும் கேளுங்கள். கேட்கிறவர் சந்தேகப்படுகிறார் என்று நாங்கள் ஒருபோதும் எண்ண மாட்டோம், எங்கள் பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறார் என்றே எண்ணுவோம்.

கர்த்தர் உங்களையும், உங்கள் குடும்பங்களையும், உங்கள் கைகளின் வேலையையும் ஆசீர்வதிப்பாராக. படுக்கையில் இருக்கும் நம் நோயாளிகளையும், அவர்களைக் கவனிக்கும் டாக்டர்கள், நர்சுகளையும், கணக்கு எழுதும் அலுவலகத்தாரையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.